மணி அடிச்சா யார் வருவாங்க?

மதுரையில் ஒரு கல்யாணம். ரிசப்ஷன் சாப்பாடு முடிந்து, மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்துப் படுத்துவிட்டார் நண்பர். ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்குத் தலைமாட்டில் இருந்த செல்போன் அலறுகிறது. எடுத்துப் பார்க்கிறார். 'உங்கள் வீட்டு ஹாலில் நடமாட்டம்.'

வீடு சென்னையில் இருக்கிறது. பூட்டி, இழுத்துப் பார்த்து, கேட்டுக்கும் ஒரு பூட்டு போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். சாவி மனைவியின் கைப்பையில். மனைவி கீழே பெண் வீட்டாரோடு. இடையில் 450 கிலோமீட்டருக்குக் குறையாத ரோடு.

செய்தியோடு ஒரு படமும் வந்திருந்தது. ஒரே இருட்டு. அதில் வெள்ளையாக ஏதோ ஒன்று அசைகிறது. திருடனா? ஆவியா? போலீசுக்கு போன் பண்ணலாம்தான். என்னவென்று சொல்வது? 'சார், எங்க வீட்டு ஹால்ல வெள்ளையா ஏதோ ஆடுது' என்றா?

நண்பர் என்ன செய்தார், அந்த வெள்ளை வஸ்து என்ன என்பதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன். அவர் கதையைக் கேட்டதிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் வேறு. திருடன் வந்தால் மணி அடிக்கிற கருவியை மனுஷன் கண்டுபிடித்துவிட்டான். ரொம்ப நாளாகிவிட்டது, நூற்று எழுபது வருஷத்துக்கு மேல். ஆனால் மணி அடித்த பிறகு யார் வருவது என்கிற விஷயம் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அலாரம் போனில் வருவது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. செல்போனை விடுங்கள், சாதா டெலிபோனுக்கே இது மூத்தது. டெலிபோன் என்கிற குழந்தை தவழ ஆரம்பித்ததே திருட்டு அலாரத்தின் மடியில்தான்.

கதை ஒரு பாதிரியாரிடமிருந்து ஆரம்பிக்கிறது.

*

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை ஒட்டி சாமர்வில் என்று ஒரு ஊர். அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் அங்கே பாதிரியார். பிரசங்கம், ஞானஸ்நானம், கல்யாணம், கருமாதி எல்லாம் போக அவருக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. மின்சாரம்.

அந்தக் காலத்தில் அது கொஞ்சம் தொற்று நோய் மாதிரி. 1844ல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அடித்துக் காட்டினார். 1852ல் பாஸ்டனில் தெருவுக்குத் தெரு பெட்டி வைத்து, எங்கே தீப்பிடித்தாலும் தந்திக் கம்பி வழியாகத் தலைமை நிலையத்துக்குச் சொல்லிவிடுகிற ஏற்பாடு வந்துவிட்டது. வில்லியம் சானிங் என்கிற டாக்டரும் மோசஸ் ஃபார்மர் என்கிற மின்சார வித்தகரும் சேர்ந்து செய்தது. தீக்கு மணி அடிக்கலாம் என்றால் திருடனுக்கு அடிக்கக் கூடாதா?

1853 ஜூன் 21ம் தேதி போப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 9,802. சமாசாரம் ரொம்ப எளிமை. ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் இரண்டு உலோகத் துண்டுகள். சாத்தியிருக்கும்வரை ஒன்றை ஒன்று தொடாது. திறந்தால் தொடும். தொட்டால் பேட்டரியிலிருந்து கரன்ட் பாயும். பாய்கிற கரன்ட் ஒரு மின்காந்தத்தை உசுப்பும். அது ஒரு குட்டிச் சுத்தியை இழுக்க, சுத்தி மணியில் விழும். நம் வீட்டு காலிங்பெல்லுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட இதே சூத்திரம்தான். வித்தியாசம் ஒன்றுதான். காலிங்பெல்லை விருந்தாளி தெரிந்து அடிக்கிறார். இதைத் திருடன் தெரியாமல் அடிக்கிறான்.

கண்டுபிடித்தாரே தவிர, போப்புக்கு அதை வைத்துக் காசு பண்ணத் தெரியவில்லை. 1857ல் காப்புரிமையை விற்றார். அடுத்த வருஷம் காலமானார்.

வாங்கியவர் பெயர் எட்வின் ஹோம்ஸ். பாஸ்டனில் ஊசி, நூல் மாதிரி சில்லறைச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தவர். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பி.காம். படிக்கும்போது எங்களுக்குக் காப்புரிமையை 'தொட்டுப் பார்க்க முடியாத சொத்து' என்று சொல்லிக் கொடுத்தார்கள். பேலன்ஸ் ஷீட்டில் அதை எங்கே போடுவது என்று முழித்தது ஞாபகம் இருக்கிறது. ஹோம்ஸ் வாங்கியதும் அப்படி ஒரு சொத்துதான். தொட்டுப் பார்க்க முடியாது என்பது மட்டுமல்ல, வாங்கவும் ஆள் இல்லை.

ஏன் இல்லை? இரண்டு காரணம். முதலாவது, மின்சாரம் என்றாலே ஜனங்களுக்குப் பயம். எடிசன் பல்பு எரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. மெழுகுவத்தியிலும் கேஸ் விளக்கிலும் வாழ்கிற குடும்பத்திடம் போய், 'உங்க வீட்டுச் சுவர் முழுக்கக் கம்பி இழுக்கறேன், அதுல மின்னலோட தங்கச்சி ஓடும்' என்றால் என்ன சொல்வார்கள்? சின்னதாக ஒரு மாதிரி வீடு செய்து, அதில் குட்டிக் கதவு, குட்டி ஜன்னல் வைத்து, கையில் தூக்கிக்கொண்டு அலைந்தார் ஹோம்ஸ். ஜன்னலைத் திறந்தால் டிங் டிங். பயப்படாதீங்க, கடிக்காது.

இரண்டாவது காரணம் இன்னும் விசேஷம். பாஸ்டனில் போதுமான திருடர்கள் இல்லை! அப்படித்தான் ஹோம்ஸ் முடிவு கட்டினார். நாட்டிலுள்ள திருடர்களெல்லாம் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்று யோசித்தார். நியூயார்க். 1859ல் ஜாகையை மாற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். சந்தை ஆய்வு என்று இன்றைக்கு எம்.பி.ஏ.வில் இரண்டு செமஸ்டர் நடத்துகிறார்களே, அதை ஒரே வரியில் முடித்துவிட்டார் மனிதர். மருந்து விற்க வேண்டுமானால் வியாதி உள்ள ஊருக்குப் போ.

*

நியூயார்க்கில் வியாபாரம் பிடித்தது. பணக்காரர்கள் வீட்டில் கட்டில் தலைமாட்டில் மணி தொங்கியது. எந்த ஜன்னல் திறந்தது என்று காட்டுகிற பலகை கூட உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். தலைமாட்டில் மணி அடித்தால் யாருக்குக் கேட்கும்? படுத்திருப்பவருக்கு. படுத்திருப்பவர் யார்? தொப்பை வைத்த ஐம்பது வயது முதலாளி. அவர் எழுந்துபோய்த் திருடனை என்ன செய்யப் போகிறார்? சரி, வேலைக்காரர்கள் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கோடை வந்தால் குடும்பத்தோடு கடற்கரைப் பங்களாவுக்குக் கிளம்பிவிடுகிற வர்க்கம் அது. ஆளில்லாத வீட்டில் மணி அடித்து என்ன பிரயோஜனம்? கடைகளும் பாங்குகளும் இன்னும் மோசம். ராத்திரியானால் அங்கே யாருமே கிடையாது.

இங்கேதான் ஹோம்ஸ் நிஜமான கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். மணியை வீட்டில் வைக்காதே. கம்பியை நீட்டி என் ஆபீஸுக்குக் கொண்டு வா. அங்கே ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆள் போடுகிறேன். உன் ஜன்னலைத் தொட்டால் என் மேஜையில் மணி அடிக்கும். என் ஆள் கிளம்பி வருவான். மாசாமாசம் காசு கொடு.

ஆக, அவர் விற்றது மணியை அல்ல. முழித்திருக்கும் ஒரு ஆளை. இதற்குத்தான் பின்னாளில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர் வந்தது.

கூரைக்குக் கூரை தாவி ஓடின கம்பிகள். திருடர்கள் என்ன, இளிச்சவாயர்களா? கம்பியைக் கண்டார்கள். நறுக்கினார்கள். போப் பாதிரியார் போட்ட சூத்திரத்தில் கதவு திறந்தால்தான் கரன்ட் பாயும். கம்பியே இல்லையென்றால் எப்படிப் பாயும்? மணி ஊமை. இதற்கு மாற்று, சூத்திரத்தைத் தலைகீழாகப் போடுவது. எப்போதும் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஓட்டம் நின்றால் மணி அடிக்கட்டும். இப்போது கதவைத் திறந்தாலும் மணி, கம்பியை வெட்டினாலும் மணி. சத்தம் போட்டால் கவனி என்று இருந்தது, சத்தம் நின்றால் கவனி என்று ஆனது. பாட்டிகள் குழந்தை வளர்ப்பது இந்த முறையில்தான். அடுத்த அறையில் கூச்சல் கேட்டால் கவலைப்பட மாட்டார்கள். நிசப்தம் ஆனால் ஓடுவார்கள்.

அதே நியூயார்க்கில் 1870களில் இன்னொரு ஆசாமியும் களத்தில் இறங்கினார். எட்வர்ட் கலஹன். பங்குச் சந்தை விலைகளைக் காகித நாடாவில் அச்சடித்துத் தள்ளுமே 'டிக்கர்', அதை 1867ல் கண்டுபிடித்தவர். இவருடைய ஏற்பாட்டில் வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. கைப்பிடியைத் திருகினால் அந்த வட்டாரத்து ஆபீஸுக்கு சமிக்ஞை போகும். இத்தனை தட்டு தட்டினால் தூதுவப் பையன் வேண்டும், இத்தனை தட்டினால் போலீஸ் வேண்டும், இத்தனை என்றால் தீ. ஊரை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ். அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப் என்று பெயர். சுருக்கமாக ஏ.டி.டி. இன்றும் அமெரிக்க வீடுகளின் வாசலில் குத்தி வைத்திருக்கிறார்களே நீல நிற எண்கோணப் பலகை, அதே கம்பெனிதான்.

*

இப்போது பாஸ்டனுக்குத் திரும்ப வேண்டும்.

கோர்ட் தெரு, 109ம் எண். சார்லஸ் வில்லியம்ஸ் என்பவரின் பட்டறை. தந்திக் கருவிகள், மின்சார மணிகள் எல்லாம் செய்து கொடுப்பார்கள். ஹோம்ஸ் கம்பெனி அலாரங்களுக்குச் சாமான் செய்ததும் இங்கேதான். அதே பட்டறையின் மாடியில், காது கேளாதோருக்குப் பாடம் நடத்துகிற ஒரு வாத்தியாரும், பட்டறைப் பையன் ஒருவனும் ராப்பகலாக ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் பெயர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். பையன் தாமஸ் வாட்சன்.

1876ல் பெல்லின் டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. பேசிக் காட்டினார்கள், ஊரே வாய் பிளந்தது. எல்லாம் சரி. ஆனால் இதை வைத்து என்ன செய்வது? ஒரு கம்பியின் இரண்டு முனையில் இரண்டு போன். நானும் நீங்களும் பேசலாம். நான் மூன்றாவது ஆளோடு பேச வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத் தனியாக ஒரு கம்பி. நூறு பேர் ஒருவரோடொருவர் பேச எத்தனை கம்பி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,950. ஊரில் வானம் தெரியாது.

எல்லாக் கம்பிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும், அங்கே ஒருத்தர் உட்கார்ந்து இதை அதோடு இணைக்க வேண்டும். அப்படி ஒரு இடம் பாஸ்டனில் ஏற்கெனவே இருந்தது. வாஷிங்டன் தெருவில், ஹோம்ஸின் திருட்டு அலாரம் ஆபீஸ்! பாங்குகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பிகள் அங்கே வந்து குவிந்திருந்தன. ராத்திரிதான் அவற்றுக்கு வேலை. பகலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

பகலில் பேசு, ராத்திரி காவல் கா. ஒரே கம்பி, இரண்டு ஷிஃப்ட்.

1877 மே மாதம். பெல்லின் மாமனார் ஆகவிருந்த கார்டினர் ஹப்பார்டிடமிருந்து ஒரு டஜன் டெலிபோன்களைக் கடனாக வாங்கினார் ஹோம்ஸின் மகன். ஹெர்பர்ட் காஸன் என்பவர் 1910ல் எழுதிய டெலிபோன் சரித்திரத்தில் அடுத்த காட்சி வருகிறது. மகன் ஹோம்ஸ் நேராக ஆறு பாங்குகளுக்குப் போனாராம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சுவரில் ஆணி அடித்து டெலிபோனை மாட்டிவிட்டு வந்துவிட்டாராம். ஐந்து பாங்குகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது பாங்குக்காரர் மட்டும், இந்த விளையாட்டுச் சாமானைக் கழற்றி எடுத்துப் போ என்று கத்தினாராம். பாங்க் மேனேஜர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே ஜாதி. புதிதாக எதைக் கொண்டுபோனாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைப்பார்கள்.

மிச்சமிருந்த ஐந்தை அலாரம் ஆபீஸில் இணைத்துப் பேச வைத்தார்கள். முதல் வியாபார ரீதியான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று புத்தகங்களில் பெயர் வாங்கியது நியூஹேவன் நகரத்தில் 1878 ஜனவரியில் வந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பே திருட்டு அலாரம் ஆபீஸில் ஒருத்தரை ஒருத்தரோடு இணைத்துவிட்டார்கள். டெலிபோனில் அலாரம் வருவதைப் பற்றித்தானே பேச ஆரம்பித்தோம்? முதலில் நடந்தது நேர் எதிர். அலாரத்தின் கம்பியில் டெலிபோன் வந்தது. வாடகை கொடுக்காத ஒண்டுக் குடித்தனம். பிறகு ஒண்டு வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். அடுத்த நூறு வருஷத்துக்கு அலாரங்களெல்லாம் டெலிபோன் கம்பெனியின் கம்பியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டிருந்தன.

*

இந்த இடத்தில் மார்க் ட்வெயினைச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும். ஹார்ட்ஃபோர்டில் இருந்த தன் மாளிகையில் அவர் அலாரம் வைத்திருந்தார். பட்ட அவஸ்தை எழுத்தாக வந்தது. 1882ல் அவர் எழுதிய ஒரு கதையில் மெக்வில்லியம்ஸ் என்கிற குடும்பஸ்தர் அலாரம் மாட்டுகிறார். விடிகாலை ஐந்து மணிக்குச் சமையல்காரி அடுக்களைக் கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான், கட்டிலிலிருந்து தூக்கியெறியப்படுகிறார் மனிதர். தினமும் இதே கதை. ரிப்பேர், பில், மறுபடி ரிப்பேர், மறுபடி பில். திருடர்கள் பாட்டுக்கு வந்து போகிறார்கள். ஒரு கட்டத்தில் அலாரத்தையே திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சிரிப்புக் கதைதான். ஆனால் பின்னால் வரப்போகிற முக்கியமான வியாதியை 1882லேயே நாடி பிடித்துச் சொல்லிவிட்டார் ட்வெயின். பொய் மணி.

*

எண்பது சொச்சம் வருஷம் தாண்டிக் குதிப்போம். பெரிதாக ஒன்றும் தவறவிட மாட்டோம். அலாரம் என்பது பாங்குக்கும் நகைக்கடைக்கும் பணக்காரர்களுக்கும் உரிய சாமானாகவே இருந்தது. சாதாரண ஜனங்களுக்குக் கதவு, தாழ்ப்பாள், கடவுள்.

நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்று ஒரு பேட்டை. மேரி வான் பிரிட்டன் பிரவுன் அங்கே வசித்த நர்ஸ். கறுப்பினப் பெண். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இரண்டு பேருக்குமே நேரங்கெட்ட நேரத்தில் டியூட்டி. ராத்திரியில் மேரி வீட்டில் தனியாக இருப்பார். பேட்டையில் குற்றங்கள் கூடிக்கொண்டிருந்தன. கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும். கூப்பிடுவதே சுலபமில்லை. நாடு முழுக்க அவசரத்துக்குக் கூப்பிட 911 என்கிற ஒற்றை எண்ணின் முதல் அழைப்பே 1968 பிப்ரவரியில்தான், அலபாமாவில் ஹேலிவில் என்கிற சின்ன ஊரில் ஒலித்தது. மேரி தன் விண்ணப்பத்தைப் போட்டது அதற்கு முன்னால், 1966 ஆகஸ்டில்.

ராத்திரி கதவு தட்டப்படுகிறது. தனியாக இருக்கிற பெண் என்ன செய்வாள்? எழுந்து போய்க் கதவருகே நின்று 'யாரு?' என்று கேட்க வேண்டும். அந்தக் கதவு வரைக்குமான பத்து அடிதான் பயங்கரம். அதை இல்லாமல் பண்ணிவிட்டார் மேரி. கதவில் உயரத்துக்கு ஒன்றாக நாலு துவாரம். பின்னால் மேலும் கீழும் நகர்கிற ஒரு காமிரா. நெட்டையன் வந்தாலும் தெரியும், குழந்தை வந்தாலும் தெரியும். படம் படுக்கையறை டி.வி.யில். கட்டிலில் இருந்தபடியே 'யாரு?' என்று மைக்கில் கேட்கலாம். தெரிந்தவரா? ஒரு பொத்தான், பூட்டு திறக்கும். ஆள் சரியில்லையா? இன்னொரு பொத்தான், காவலுக்குத் தகவல் போகும்.

1969 டிசம்பர் 2ல் காப்புரிமை வந்தது. எண் 3,482,037. மேரி, ஆல்பர்ட் இரண்டு பேர் பெயரிலும். நியூயார்க் டைம்ஸ் படத்தோடு செய்தி போட்டது. ஆனால் காமிரா, டி.வி., மோட்டார் எல்லாம் சேர்த்து விலை எகிறியது. வீட்டுக்கு வீடு விற்பனையாகவில்லை. இன்றைக்கு வாசல் மணியில் காமிரா வைத்துக் கம்பெனிகள் கொழிக்கின்றன. அந்த அம்மாவுக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேரவில்லை. போப் பாதிரியார் கதையேதான். கண்டுபிடிப்பவர் ஒருவர், கல்லாவில் உட்காருபவர் இன்னொருவர்.

*

1970களில் எலக்ட்ரானிக்ஸ் மலிந்தது. நடுத்தர வர்க்க அமெரிக்கர் வீட்டுக்கும் அலாரம் வந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மாசச் சந்தா கொடுக்க மனசில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் கிடைத்தது. டேப் மெஷின். கதவு திறந்தால் தானாகவே டெலிபோனைச் சுழற்றி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டு, பதிவு செய்து வைத்த குரலில் 'இன்ன விலாசத்தில் திருட்டு நடக்கிறது' என்று சொல்லும். சொல்லும், சொல்லும், சொல்லிக்கொண்டே இருக்கும். எதிர்முனையில் இருக்கிற போலீஸ்காரர் என்ன கேள்வி கேட்டாலும் பதில் வராது. லைனையும் விடாது. வெறுத்துப்போய், இனி எந்த மெஷினும் எங்களைக் கூப்பிடக்கூடாது என்று பல ஊர்களில் சட்டமே போட்டார்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக வந்தவையும் பெரிய யோக்கியமில்லை. அமெரிக்காவில் போலீசுக்கு வந்த அலாரம் அழைப்புகளை எண்ணிப் பார்த்தவர்கள், நூற்றுக்கு 94லிருந்து 98 வரை பொய் என்று கண்டார்கள். திருடன் இல்லை. ரகசிய எண்ணை மறந்த பாட்டி, பூனை, ஏ.சி. காற்றில் ஆடுகிற திரைச்சீலை, பிறந்தநாள் முடிந்தும் மிதந்துகொண்டிருக்கிற பலூன், சாகக் கிடக்கிற பேட்டரி.

நம் ஊரில் புலி வருது கதை சொல்வார்கள் இல்லையா? அதில் மூன்றாவது தடவையே ஊர் வரவில்லை. அமெரிக்க போலீஸ் பாவம், ரொம்பப் பொறுமைசாலிகள். யூடா மாநிலத்துத் தலைநகர் சால்ட் லேக் சிட்டியில் 2000ம் வருஷக் கடைசியில்தான் பொறுமை தீர்ந்தது. இனிமேல் வெறும் அலாரம் அடித்தால் நாங்கள் வர மாட்டோம். முதலில் உங்கள் கம்பெனி ஆள் போய்ப் பார்க்கட்டும். திருட்டுதான் என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் வருகிறோம். அலாரம் கம்பெனிகள் குதித்தன. போலீஸ் மசியவில்லை. வேறு சில நகரங்களும் பின்னாலேயே வந்தன.

எனக்கு இதில் போலீஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கம்பெனி மாசாமாசம் சந்தா வாங்குகிறது. பூனையைப் பார்க்க ஓடுகிற ஜீப்புக்கு டீசல் ஊர்ப் பணத்தில். வரவு ஒரு லெட்ஜரில், செலவு இன்னொரு லெட்ஜரில். இந்த மாதிரிக் கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

*

கம்பி கதைக்கு ஒரு பின்குறிப்பு. ஹோம்ஸ் காலத்தில் திருடன் கூரையில் கம்பியை வெட்டினான். 1980களிலும் அதையேதான் செய்தான், வீட்டுக்கு வெளியே வருகிற டெலிபோன் ஒயரை. அதனால் அலாரப் பெட்டிக்குள்ளேயே ஒரு செல்போனைப் புதைத்து வைத்தார்கள். வெட்டக் கம்பியே கிடையாது, இனி கவலையில்லை என்று நினைத்தார்கள். இந்த முறை வெட்டியது திருடன் அல்ல. 2008 பிப்ரவரியில் அமெரிக்க செல்போன் கம்பெனிகள் பழைய அனலாக் சேவையை மூடத் தொடங்கின. பழைய அலாரப் பெட்டிகள் ஊமையாயின, மாற்றினார்கள். 2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. 3ஜி சேவையை மூடியது. இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று அலாரக்காரர்கள் அரசாங்கத்திடம் மன்றாடியும் பலனில்லை. மறுபடி பெட்டிகள் ஊமை, மறுபடி மாற்றல். மெக்வில்லியம்ஸ் இருந்தால் சிரித்திருப்பார்.

பிறகு வந்தது ஸ்மார்ட்போன். ஜேமி சிமினாஃப் என்கிறவர் வீட்டு காரேஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் மணி அங்கே கேட்கவில்லை. கேட்கிற மாதிரி ஒன்று செய்துகொண்டார். யாராவது மணியை அழுத்தினால் அவர் செல்போனில் படம் வரும். 2013ல் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் பணக்கார முதலீட்டாளர்கள் முன்னால் காட்டினார். பணம் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினார். அது 'ரிங்' என்று பெயர் மாறி, 2018ல் அமேசான் அதை வாங்கியது.

இப்போது யார் வேண்டுமானாலும் சில ஆயிரம் ரூபாய்க்குக் காமிரா வாங்கி மாட்டலாம். ஆப் உண்டு. சந்தா கூட வேண்டாம். 'நீங்களே உங்கள் வீட்டைக் கண்காணிக்கலாம்' என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள் பெட்டி மேல்.

கொஞ்சம் நின்று இதை யோசியுங்கள். ஹோம்ஸ் காலத்தில் முதலாளியின் தலைமாட்டில் மணி அடித்தது. அது பிரயோஜனமில்லை என்றுதான் காசு கொடுத்து முழித்திருக்க ஆள் வைத்தார்கள். இப்போது அந்த ஆளுக்கு வேலை போய்விட்டது. அவருடைய நைட் ஷிஃப்ட் நம் தலையில். சம்பளம் கிடையாது. மணி மறுபடியும் தலைமாட்டுக்கே வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், அப்போது முதலாளி வீட்டுக்குள் படுத்திருந்தார். இப்போது 450 கிலோமீட்டர் தள்ளிக் கல்யாண மண்டபத்தில் படுத்திருக்கிறார்.

பக்கத்து ஆந்திராவில் போலீசார் 2017 வாக்கில் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் சொன்னால் போதும், அவர்களே வந்து பூட்டிய வீட்டுக்குள் காமிராவை வைத்துவிட்டுப் போவார்கள். அசைவு தெரிந்தால் சேதி வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல, கன்ட்ரோல் ரூமுக்கே போய்விடும். முழித்திருக்கிற ஆளிடம். தமிழ்நாட்டிலும் வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. போலீஸ் ஸ்டேஷன் படியேறுவதைவிடத் திருடு போனால் பரவாயில்லை என்று ஒரு எண்ணம்.

சரி, நண்பர் கதை.

ஒன்றே முக்கால் மணிக்கு அவர் கூப்பிட்டது மாடி வீட்டுக்காரரை. எழுபத்திரண்டு வயது. ரிட்டையர்டு ரயில்வே. 'சார், மன்னிச்சுக்குங்க, இந்த நேரத்துல...' என்று ஆரம்பித்தார். முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை அவர். 'இரு தம்பி, பார்க்கறேன்' என்று டார்ச்சையும் வாக்கிங் ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வீட்டம்மா பின்னாலேயே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு, 'போகாதீங்க, போகாதீங்க' என்றாராம். அவர் பூட்டை ஆட்டிப் பார்த்தார். சுற்றி வந்தார். ஹால் ஜன்னல் ஒன்று சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஜவுளிக் கடையில் கொடுத்த பெரிய காலண்டர். காற்றில் தாள் மேலே எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் நண்பர் செய்த முதல் காரியம், ஸ்வீட் பாக்கெட்டோடு மாடிக்குப் போய் நன்றி சொன்னது. இரண்டாவது காரியம், 'சார், உங்க போனையும் ஒரு நிமிஷம் குடுங்க' என்று வாங்கி அந்த ஆப்பை ஏற்றியது. இனி அலாரம் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வரும்.

போன வாரம் பெரியவரை மாடிப்படியில் பார்த்தேன். ஆப் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

'அதுவா? முதல் நாலு நாள் அந்தாள் வீட்டுப் பல்லி நகர்ந்தாக்கூட எனக்கு அடிச்சுது தம்பி. பேரன் வந்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் வராத மாதிரி பண்ணிட்டுப் போயிட்டான். நல்லாத் தூங்கறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.'